குடைக்கு வெளியே என் நட்சத்திரம்

ஒரு நாள் காலை, வேலைக்குக் கிளம்பும் அவசரத்தில் கண்ணாடி முன்னால் நின்று பொட்டு அட்டையை எடுத்தால், அதில் ஒரு பொட்டு கூட இல்லை. முந்தின வாரம்தான் மாடவீதியில் நின்று பொறுக்கி வாங்கியவை. சிவப்பு, மெரூன், வெள்ளைக் கல் வைத்தது என்று மூன்று அட்டைகள். மூன்றிலும் வெறும் பிளாஸ்டிக் தாள்தான் மிச்சம்.

"என் பொட்டெல்லாம் எங்க?" என்று கேட்டேன். குளியலறையில் தண்ணீர்ச் சத்தம் சட்டென்று நின்றது. கணவர் உள்ளே மூச்சு விடாமல் நிற்கிறார் என்று தெரிந்தது. மேஜையில் இட்லியைப் பிய்த்துக்கொண்டிருந்த எட்டு வயது மகள் தலையைத் தூக்காமலே பதில் சொன்னாள்.

"வானத்துல இருக்கும்மா."

எங்கள் வீட்டு வானம் கதவுக்குப் பின்னால் ஆணியில் தொங்கியது. கணவரின் பழைய கறுப்புக் குடை. விரித்துப் பார்த்தேன். உள்பக்கம் முழுக்க என் பொட்டுகள். காம்பு போய்ச் சேரும் உச்சியில் சின்னதாக ஒன்று. அது துருவ நட்சத்திரமாம். காம்பைப் பிடித்துச் சுழற்றினால் மற்ற எல்லாம் அதைச் சுற்றி வருமாம், நிஜ வானத்திலும் அப்படித்தானாம். விளிம்பை ஒட்டி, கல்யாணங்களுக்கு மட்டும் வைக்கலாம் என்று நான் எடுத்து வைத்திருந்த பெரிய சிவப்புப் பொட்டு.

"அது நான்," என்றாள் மகள். "திருவாதிரை."

அன்று குங்குமம் வைத்துக்கொண்டு வேலைக்குப் போனேன். பஸ்ஸில் வியர்வையோடு அது மூக்கு வரை வழிந்ததும், அதைத் துடைத்துக்கொண்டே இரண்டு பேரையும் மனதுக்குள் திட்டியதும் நன்றாக ஞாபகம் இருக்கிறது.

பொட்டுக்காகத்தான் கோபம் என்று அப்போது நினைத்துக்கொண்டேன். இல்லை, பொறாமை. வேறு நல்ல பெயர் எதுவும் வைத்து அதை நான் அழகுபடுத்தப் போவதில்லை. என் சொந்தப் புருஷன் மேல், என் சொந்தப் பெண்ணை முன்னிட்டு, வயிறு எரிகிற அளவுக்குப் பொறாமை.

நாங்கள் இருப்பது மந்தைவெளியில், அடுக்குமாடிக் குடியிருப்பின் இரண்டாவது மாடி. எனக்கு தி.நகரில் ஒரு பல் மருத்துவமனையில் வரவேற்பு மேஜை வேலை. ஆபீஸ் முடித்துவிட்டு வருகிறவர்களுக்குத்தான் பல் வலிக்கும் என்பதால் சாயங்காலம்தான் கூட்டம். அவர்களுக்கெல்லாம் டோக்கன் கொடுத்து, பஸ்ஸில் நசுங்கி, நான் வீடு வந்து சேர ஏழரை ஆகிவிடும். கணவருக்கு அந்தத் தொல்லை இல்லை. நோய்த்தொற்றுக் காலத்தில் வீட்டிலிருந்தே வேலை என்று சொன்ன கம்பெனி பிறகு ஆபீஸையே காலி செய்துவிட்டது. மேலே இஸ்திரி போட்ட சட்டை, கீழே லுங்கி என்று அறையில் உட்கார்ந்திருப்பவர், மகள் பள்ளிக்கூடம் விட்டு வரும்போது கதவைத் திறப்பார். சாயங்காலம் முழுக்க அவர் கையில்.

ஆனாலும் முன்பெல்லாம் ஏழரை மணி என்னுடையது. படியில் என் செருப்புச் சத்தம் கேட்டதும் கதவு திறக்கும். சமையலறை வரை பின்னாலேயே வந்து, யார் விழுந்தாள், யார் அழுதாள், யார் டப்பாவில் பூரி கொண்டுவந்து யாருக்கும் தராமல் தின்றாள் என்று மூச்சு விடாமல் சொல்வாள். நான் வெங்காயம் நறுக்கிக்கொண்டே "அப்புறம்?" என்று கேட்பேன். அந்த அரைமணி நேரத்துக்காகத்தான் நான் அந்தப் பஸ்ஸையே பொறுத்துக்கொண்டேன்.

பொட்டு காணாமல் போன அதே மார்கழியில் ஒரு நாள் வீட்டுக்கு வந்தால் கதவு பூட்டியிருந்தது. போன் போட்டால் இரண்டு பேருமே எடுக்கவில்லை. பயந்துபோய்க் கீழே இறங்கி வந்தேன். எங்கள் வாசலில் இஸ்திரி வண்டி போட்டிருக்கும் அம்மா கரி அணைத்துக்கொண்டிருந்தார்.

"இன்னாக்கா, சாவி இல்லியா? அப்பாவும் பொண்ணும் மொட்ட மாடில கீறாங்க. கொடைய எத்துக்கினு போனாங்க. மழையும் இல்ல ஒன்னும் இல்ல, இன்னாத்துக்குன்னு தெர்ல."

அந்த அம்மாவுக்குத் தெரிந்தது கூட எனக்குத் தெரியவில்லை.

விஷயம் இப்படி ஆரம்பித்திருக்கிறது. நம் வீடுகளில் எல்லோருக்கும் ஒரு நட்சத்திரம் உண்டு. பிறந்த அன்றைக்கே எழுதி வைத்துவிடுவார்கள். ரத்த வகை மாதிரி அது. தெரிந்து வைத்திருப்போம், கண்ணால் பார்க்க நினைக்க மாட்டோம். என் மகள் நினைத்திருக்கிறாள். "என் நட்சத்திரம் திருவாதிரைன்னா, அது எங்கப்பா இருக்கு?" என்று ஒரு சாயங்காலம் கேட்டிருக்கிறாள். அவருக்கும் தெரியவில்லை. போனில் ஏதோ செயலியை இறக்கி, மொட்டை மாடிக்குப் போய் வானத்தைப் பார்த்துப் பிடித்திருக்கிறார். கிழக்கே, எதிர்க் குடியிருப்பின் தண்ணீர்த் தொட்டிக்கு மேலே, சிவப்பாக ஒரு பெரிய நட்சத்திரம். அதுதான் இவள்.

அதற்குச் சற்று மேலே இன்னொரு செம்மஞ்சள் நட்சத்திரம். ரோகிணி. அது என் கணவர். அப்பாவும் பெண்ணும் வானத்தில் பக்கத்துப் பக்கத்து வீடு. இரண்டுக்கும் நடுவில் மங்கலாக, கண்ணைச் சுருக்கிப் பார்த்தால் மட்டும் தெரிகிற மூன்று புள்ளிகள், மிருகசீரிஷம். அது யார் என்று நினைக்கிறீர்கள்? கோட்டூர்புரத்தில் இருக்கும் என் நாத்தனார். கணவரின் தங்கை. அன்றைக்கே போன் வந்துவிட்டது.

"அண்ணி, நான் கூட இருக்கேனாமே! அவங்க ரெண்டு பேருக்கும் நடுவுல!"

"ஆமா, இருக்கியாம்," என்றேன். "எங்க போனாலும் நடுவுலதான் இருக்க." அவள் சிரித்தாள். நான் சிரிக்கவில்லை.

என் நட்சத்திரம் கேட்டை. கேட்டையில் பிறந்த பெண் வந்தால் கணவனின் அண்ணனுக்கு ஆகாது என்று ஒரு நம்பிக்கை. அதைச் சொல்லியே எனக்கு வந்த வரன்கள் பல கைநழுவின. இவர் வீட்டில் இவரே மூத்தவர், ஆகாமல் போக அண்ணன் யாரும் இல்லை என்பதால் ஜாதகம் பொருந்தியது. அப்படித்தான் இந்த வீட்டுக்கு வந்தேன். ஜாதகத்தில் ஓரம் கட்டப்பட்டவள் வானத்திலுமா ஓரம் கட்டப்பட வேண்டும்? குடையைச் சுழற்றிச் சுழற்றிப் பார்த்தேன். என்னைக் காணோம்.

"என்னோடது எங்க?" என்று கேட்டேன். சாதாரணமாகக் கேட்பதுபோலத்தான் கேட்டேன்.

"அது இன்னும் தெற்கால இருக்கு," என்றார் கணவர். "குடைத் துணி அதுக்கு முன்னாடியே முடிஞ்சிடுது."

என் பொட்டு, என் வீட்டுக் குடை. நான் மட்டும் துணிக்கு வெளியே.

"அதுவும் இல்லாம, இப்போ அது வானத்துலயே இருக்காது," என்று அவரே மேலும் விளக்கினார். இவருக்கு விளக்குவது பிடிக்கும். "உன்னோடது விருச்சிக ராசில இருக்கு. தேள். எங்க மூணு பேர் பக்கம் இருக்கிறது வேட்டைக்காரன்னு ஒரு நட்சத்திரக் கூட்டம். வெளிநாட்டுல ஒரு கதை சொல்வாங்க, தேள் கொட்டி அவன் செத்துட்டான்னு. அதனால தேள் மேல வந்தா இவங்க கீழ இறங்கிடுவாங்க. ரெண்டும் ஒரே நேரத்துல வராது."

"அதாவது, நான் வந்தா நீங்க எல்லாரும் எழுந்து ஓடிடுவீங்க."

"நான் கதையைச் சொன்னேன்."

"கதை நல்லாத்தான் இருக்கு," என்று சொல்லிவிட்டு அடுப்பைப் பார்க்கப் போனேன். பாத்திரம் கொஞ்சம் பலமாகவே விழுந்தது.

அதன்பிறகு வீட்டில் எதைத் தொட்டாலும் நட்சத்திரம். சுண்டலுக்காக நான் ஊறப்போட்ட கொண்டைக்கடலை பல்குச்சிகளில் குத்தப்பட்டு ஏழாகவும் ஐந்தாகவும் ஜன்னல் விளிம்பில் காய்ந்தது. டார்ச் லைட்டின் வாயில் சிவப்பு ஜிகினாத்தாள் ரப்பர் பேண்டால் கட்டியிருந்தது. சிவப்பு வெளிச்சம் கண்ணைக் கெடுக்காதாம். கையை நீட்டி முஷ்டி பிடித்து, ஒரு முஷ்டி, இரண்டு முஷ்டி என்று வானத்தை அளந்தார்கள். அடிவானத்திலிருந்து ஒரு முஷ்டிக்குச் சற்று மேலே துருவ நட்சத்திரம் இருக்க வேண்டும். எங்கள் வீட்டுக்கு வடக்கே அந்த உயரத்தில் அபார்ட்மெண்ட்களும் தண்ணீர்த் தொட்டிகளும்தான் இருக்கின்றன. அவர்கள் ஒரு நாளும் அதைப் பார்த்ததில்லை. ஆனாலும் அந்தத் தொட்டியைப் பார்த்து மரியாதையோடு, "இங்கதான் இருக்கு" என்பார்கள்.

பிறகு செருப்பு டப்பா வந்தது. ஒரு பக்கத்தில் நட்சத்திரக் கூட்டத்தின் படத்தை ஒட்டி ஊசியால் ஓட்டை போடுவது, எதிர்ப் பக்கத்தில் ஒரு கண்ணை வைக்க ஒரு துளை. வெளிச்சத்தின் பக்கம் திருப்பி வைத்துப் பார்த்தால் இருட்டுக்குள் நட்சத்திரங்கள் மினுக்கும். அதைச் செய்யும்போது கணவர் டப்பாவுக்குள் தலையை விடாத குறையாகக் குனிந்து, படத்தை உள்பக்கம் ஒட்டி, உள்ளேயிருந்து வெளியே குத்திக்கொண்டிருந்தார். சும்மா வெளியிலிருந்து குத்தினால் போகாதா, எதற்கு இந்த ஆளுக்கு எல்லாவற்றிலும் தலைகீழாக நிற்கும் புத்தி என்று நினைத்துக்கொண்டு தாண்டிப் போனேன்.

பார்க்கச் சொல்லி மகள் எனக்கும் கொடுத்தாள். கண்ணை வைத்தேன். அவள், அவர், நடுவில் என் நாத்தனார். அழகாகத்தான் இருந்தது. "நல்லாருக்கு" என்று திருப்பிக் கொடுத்தேன். மூன்று பேரும் அந்த டப்பாவுக்குள் குடும்பமாக இருக்க, நான் ஒற்றைக் கண்ணால் வெளியே நின்று எட்டிப் பார்த்துவிட்டு வந்தவள்.

ஒரு நாள், சரி, நானும்தான் போவோமே என்று வேலையிலிருந்து வந்த கையோடு, புடவை கூட மாற்றாமல் மொட்டை மாடிக்கு ஏறினேன். மாடிப்படியில் பல்பு எரிவதில்லை. போன் டார்ச்சைப் போட்டுக்கொண்டு ஏறிக் கதவைத் தள்ளியதும், வெளிச்சம் நேராக அவர்கள் இருவர் முகத்திலும் விழுந்தது. பாயில் மல்லாந்து படுத்திருந்தவள் கண்ணைப் பொத்திக்கொண்டு எழுந்தாள்.

"அம்மா, லைட்ட அணை. இருட்டுக்குக் கண்ணு பழக இருபது நிமிஷம் ஆகும். இப்போதான் பழகுச்சு. எல்லாம் போச்சு."

"தெரியாம போட்டுட்டேன்டி."

"போனை எல்லாம் பையில போட்டுட்டுத்தான் வரணும். அப்பா ரூல்."

அப்பா ரூல். சோறு, தலைபின்னல், பேன் சீப்பு, காய்ச்சல் மருந்து, பள்ளிக்கூட டைரியில் கையெழுத்து, இதிலெல்லாம் நான் போடும் சட்டம் எதையும் என் பெண் இத்தனை பக்தியோடு சொன்னதில்லை. அவர் நல்லவர், "பரவால்ல, வா, வந்து படு" என்று பாயில் இடம் விட்டார். நடுவில் விடவில்லை, ஓரத்தில்தான் இடம் இருந்தது. "குக்கர் வெக்கணும்" என்று சொல்லிவிட்டு, இருட்டிலேயே சுவரைத் தடவிக்கொண்டு கீழே இறங்கினேன். அன்று சாம்பாரில் உப்பு அதிகம். யாரும் எதுவும் சொல்லவில்லை, அதுவும் எனக்குக் கோபமாக வந்தது.

பங்குனி, சித்திரை என்று மாதம் போகப் போக வேட்டைக்காரன் மேற்கே சாய்ந்தான். சாயங்காலம் இருட்டுவதற்குள் மெரினாவுக்கு எதிர்த்திசையில், கட்டடங்களுக்குப் பின்னால் அவர்களுடைய நட்சத்திரங்கள் ஒவ்வொன்றாக இறங்கின. நான் வெளியில் சொல்லவில்லை. உள்ளுக்குள் எனக்கு அப்படி ஒரு திருப்தி. ரோகிணி போனது. நாத்தனார் போனாள். கடைசியாகத் திருவாதிரையும் சூரியனோடு சேர்ந்து இறங்கியது. மருத்துவமனையில் கூட்டம் இல்லாத மதியங்களில், டோக்கன் புத்தகத்துக்குப் பக்கத்தில் போனை வைத்துக்கொண்டு என் தேளைப் பற்றி நானே படித்தேன். ஆனி மாதம் சாயங்காலங்களில் தெற்கே முழுசாக நிற்குமாம். கேட்டையும் சிவப்பாம். நெஞ்சில் சிவப்பு வைத்த தேள்.

ஆனி மாதத்தில்தான் மகளின் நட்சத்திரப் பிறந்தநாள். பள்ளிக்கூடத்தில் மிட்டாய் கொடுக்கிற பிறந்தநாள் வேறு தேதி. இது வீட்டோடு வைத்துக்கொள்வது. அதற்கு முந்தின சாயங்காலம் என் நட்சத்திரத்தை நான் அவளுக்குக் காட்ட வேண்டும் என்று முடிவு செய்தேன். கணவருக்குத் தெரியாமல். ஒரு சாயங்காலம், ஒரே ஒரு சாயங்காலம், வானத்தில் எதையாவது அவளுக்கு முதலில் காட்டியவள் நானாக இருக்க வேண்டும். எனக்கு வேண்டியது அவ்வளவுதான்.

டப்பா ஒன்று செய்தேன். ஆஸ்பத்திரிக்கு யாரோ கொண்டுவந்த இனிப்பின் அட்டைப்பெட்டி, நல்ல கெட்டி அட்டை. மதியச் சாப்பாட்டு நேரத்தில் தேளின் படத்தைப் பார்த்துப் பென்சிலால் புள்ளி வைத்தேன். புள்ளி வைப்பதற்கு எனக்கு யாரும் சொல்லித்தர வேண்டாம். மார்கழி முழுக்க வாசலில் கோலம் போடுகிறவள், அளவே இல்லாமல் வைத்தாலும் வரிசை பிசகாது. தலை, உடம்பு, கீழே இறங்கி வளைந்து மேலே ஏறும் கொடுக்கு. தையல் ஊசியால் வெளியிலிருந்து ஒவ்வொன்றாகக் குத்தினேன். கேட்டைக்கு மட்டும் சாக்கு தைக்கும் கோணி ஊசி. கூட வேலை செய்யும் பெண் வந்து பார்த்து, "அக்கா, பிரமாதம்" என்றாள். எனக்கே பெருமையாக இருந்தது.

அன்று சீக்கிரம் கிளம்ப அனுமதி வாங்கினேன். மத்தியானம் ஒரு மழை பெய்து வானத்தைக் கழுவி விட்டிருந்தது. நிலா இல்லை. மகளை மட்டும் தனியாகக் கூப்பிட்டேன். "வா, உனக்கு ஒண்ணு காட்டணும். அப்பா வர வேண்டாம்." அவர் கம்ப்யூட்டரிலிருந்து திரும்பிப் பார்த்தார், புருவத்தைத் தூக்கினார்.

போனைக் கீழேயே வைத்துவிட்டு, சிவப்பு டார்ச்சோடு ஏறினோம். மொட்டை மாடியில் காற்று அள்ளியது. தெற்கே அடையாறு முகத்துவாரத்தின் பக்கம் கொஞ்சம் இருட்டு உண்டு. பாயை விரித்து உட்கார்ந்தோம். கண் பழகட்டும் என்று நானே சொன்னேன், என் வாயாலேயே. பழகியது. சற்றுக் கிழக்காக, நான் படத்தில் பார்த்த அதே உருவம். சிவப்பு நெஞ்சு. நான் கையை நீட்டி, "அதோ பார்," என்று ஆரம்பித்தேன்.

"கேட்டை," என்றாள் மகள். "தெரியும்மா. அதுக்கு மேல மூணு இருக்கே, அது அனுஷம். கொடுக்குகிட்ட இருக்கிறது மூலம்."

என் கை அப்படியே நின்றது. "யார் சொன்னா?"

"நானும் அப்பாவும் பாத்தோமே. மாசி மாசம். விடிகாலைல எழுந்து வந்தா அப்பவே தெரியும். நான்தான் அம்மாது எங்கே, அம்மாது எங்கேன்னு கேட்டுட்டே இருந்தேன். அப்பா ஆனி வரைக்கும் பொறுன்னாரு. என்னால முடியல. அப்புறம் ஒரு நாள் எழுப்பிக் கூட்டிட்டு வந்தாரு."

"என்னை ஏன் எழுப்பல?"

"நீ தூங்கிட்டு இருந்த. பாவம் அம்மா, தூங்கட்டும்னாரு."

பாவம் அம்மாவாம். என் நட்சத்திரத்தை, நான் கீழே வாயைத் திறந்து தூங்கிக்கொண்டிருக்கும்போது, நான் இல்லாமல் இரண்டு பேரும் பார்த்துவிட்டுப் போயிருக்கிறார்கள். அவள் தானாகக் கேட்டாள் என்பதில் ஒரு பக்கம் நெஞ்சு இளகியது, பொய் சொல்ல மாட்டேன். ஆனால் காட்டியது அவர். கடைசியில் என்னைக் கூட அவளுக்கு அவர்தான் காட்டினார்.

இனிமேல் மிச்சம் டப்பாதான். நீட்டினேன். சிவப்பு டார்ச்சை அந்தப் பக்கம் பிடித்து, கண்ணை வைத்துப் பார்த்தாள். டப்பாவை இறக்கி வானத்தைப் பார்த்தாள். மறுபடி டப்பாவுக்குள் பார்த்தாள்.

"அம்மா, இது உல்டாவா இருக்கு. கொடுக்கு அந்தப் பக்கம் வளையணும். இது இந்தப் பக்கம் வளையுது."

பிடுங்கிப் பார்த்தேன். ஆமாம். வெளியிலிருந்து பார்க்கும்போது சரியாக இருந்தது, உள்ளேயிருந்து பார்க்கும்போது இடம் வலமாகிவிட்டது. கணவர் ஏன் டப்பாவுக்குள் குனிந்து கிடந்தார் என்பது அப்போதுதான் புரிந்தது. கோலம் போடுகிறவளுக்கு அந்த யோசனையே வராது. கோலத்துக்கு ஏது இடம் வலம்? இந்தப் பக்கம் எப்படியோ அந்தப் பக்கமும் அப்படியே. எந்தப் பக்கம் நின்று பார்த்தாலும் அதுவேதான். இத்தனை வருடம் நான் வைத்த புள்ளி எதுவும் என்னை இப்படிக் காட்டிக்கொடுத்ததில்லை.

அப்போது பார்த்துக் கணவர் மேலே வந்தார். காபி டம்ளர்களோடு. மகள் விஷயத்தைச் சொன்னாள். அவர் டப்பாவை வாங்கிப் பார்த்து, "சின்ன விஷயம்தான். படத்தைத் திருப்பி வெச்சு மறுபடி குத்திடலாம்" என்றார். சிரிக்கக் கூட இல்லை. சிரித்திருந்தால் சண்டையாவது போட்டிருப்பேன்.

"ஒண்ணும் குத்த வேண்டாம்," என்றேன். "என் டப்பாவை யாரும் திருத்த வேண்டாம். எல்லாத்தையும் நீங்களே காட்டுங்க, நீங்களே திருத்துங்க, நான் சோறு வடிக்கிறேன்." எழுந்து போய்த் தண்ணீர்த் தொட்டிக்கு அந்தப் பக்கம் திரும்பி உட்கார்ந்துகொண்டேன். கண்ணில் தண்ணீர் வந்தது, துடைக்கவில்லை.

ஏதோ தாள் கிழிகிற சத்தம் கேட்டது. திரும்பிப் பார்க்கக் கூடாது என்று இருந்தேன், இருக்க முடியவில்லை. மகள் டப்பாவின் மூடியைத் திறந்து டார்ச்சை உள்ளே படுக்க வைத்துக்கொண்டிருந்தாள். டார்ச்சின் வாயில் இருந்த சிவப்புத் தாளைப் பிரித்து, அதில் ஒரு துண்டைக் கேட்டைக்கு மேல் எச்சில் தொட்டு ஒட்டினாள். மூடியை மூடி, டப்பாவை நிமிர்த்திக் கைப்பிடிச் சுவர் மேல் வைத்தாள்.

வெளியிலிருந்து பார்த்தபோது தேள் சரியாக இருந்தது. கொடுக்கு சரியான பக்கம் வளைந்திருந்தது. நெஞ்சில் சிவப்பு. டப்பாவும் அதற்கு மேலே வானமும் ஒன்றுபோல இருந்தன.

"இதுக்கு ஒத்தைக் கண்ணு வெக்க வேண்டாம். எல்லாரும் ஒரே நேரத்துல பாக்கலாம்," என்றாள். "அப்பாதுல ஒருத்தர்தான் பாக்க முடியும்."

"அட, ஆமா," என்றார் கணவர். "நம்மளதையும் இப்படிப் பண்ணிடலாமா?"

"உன்னோடது உள்ளேயிருந்து குத்தினதுப்பா. வெளியிலேருந்து பாத்தா உல்டாவாத்தான் தெரியும்."

நான் எழுந்து வந்து ஆறிப்போன காபியைக் குடித்தேன். மிகவும் நன்றாக இருந்தது. அன்று படுக்கும்போது டப்பா அவள் தலைமாட்டில் இருந்தது. கணவர் இரண்டு முறை வந்து, "பேட்டரி தீந்துடும், அணைச்சிடவா?" என்று கேட்டார். இரண்டு முறையும் வேண்டாம் என்றாள். எனக்கு அவரைப் பார்க்கப் பாவமாக இருந்திருக்க வேண்டும். இல்லை.

மறுநாள் பிறந்தநாள். பட்டுப்பாவாடை கட்டி, தலை நிறையப் பூ வைத்து, சாயங்காலம் தெருமுனைக் கோயிலுக்கு மூன்று பேரும் போனோம். அதிகம் கூட்டமில்லை. தேங்காய்த் தட்டைக் கொடுத்தோம். குருக்கள் வாங்கிக்கொண்டு வழக்கமாகக் கேட்பதைக் கேட்டார்.

"கொழந்தை பேர், நட்சத்திரம் சொல்லுங்கோ."

அவளே பெயரைச் சொன்னாள். அப்புறம், "கேட்டை" என்றாள்.

"ஏய், அது அம்மாதுடா. உனக்குத் திருவாதிரை," என்றார் கணவர்.

"திருவாதிரை இப்போ சூரியன்கிட்ட இருக்குப்பா. யாராலயும் பாக்க முடியாது, நீதானே சொன்ன. சாயங்காலத்துல உன்னோடதும் இல்ல. அம்மாது மட்டும்தான் மேல இருக்கு." அவள் குரலில் விளையாட்டு எதுவும் இல்லை. பஸ் ரூட் சொல்வதுபோலச் சொன்னாள். "என்னோடது திரும்பி வர்ற வரைக்கும் நான் அம்மாதுல இருக்கேன்."

குருக்கள் தட்டோடு நின்றார். பின்னால் இரண்டு பேர் வந்து சேர்ந்துவிட்டார்கள். அவர் என்னைப் பார்த்தார்.

"நீங்க சொல்லுங்கோம்மா. என்ன நட்சத்திரம்?"

கணவர் சொல்வதற்கு வாயைத் திறந்தார். நான் முந்திக்கொண்டேன்.

"கேட்டை," என்றேன். "கேட்டைன்னே சொல்லுங்க."

சுவாமி சன்னிதி. அவள் பிறந்த நேரம் எனக்கு நிமிஷக் கணக்கில் தெரியும், வலியும் நான்தான் பட்டேன். இருந்தும் நாக்குத் தடுமாறவில்லை. குருக்கள் உள்ளே போய் என் மகளின் பெயரோடு என் நட்சத்திரத்தைச் சேர்த்துச் சொன்னார். மகள் கைகூப்பிக் கண்ணை மூடிக்கொண்டாள். நான் மூடவில்லை. கணவரின் முகத்தைப் பார்த்துக்கொண்டே அதைக் கேட்டேன்.